ரெடி ஆக்‌ஷனில் பிடித்து வைத்த ஃபயர்பால்: ஸ்லாட் போனதா, வெப் நிற்குமா?

இருபதுமுகம் எழுதியது:

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு) 5-ஆம் பதிப்பு, 2014 விதிகள். எல்லாரும் 5-ஆம் லெவல். சண்டை பாதியில் நிற்கிறது. ரெடி ஆக்‌ஷனைப் பற்றி (இன்னது நடந்தால் இதைச் செய்வேன் என்று சொல்லிக் காத்திருப்பது) டேபிளில் ஆளுக்கொரு கருத்து, அதனால் தீர்ப்புச் சொல்லும் முன் இங்கே கேட்கிறேன்.

நிலைமை இதுதான். அறைக்கு ஒரே கதவு, 5 அடி அகலம், மூடியிருக்கிறது. வெளியே நடைபாதையில் ஓர் ஓகர் (பெரிய அரக்கன்) வரும் சத்தம் கேட்கிறது. அறைக்குள் மேல் மாடத்தில் இரண்டு கோப்ளின் வில்லாளிகள், தரையில் ஃபைட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்ளின். மாடத்துப் படிக்கட்டை அடைக்க விசார்ட் ஏற்கெனவே வெப் (வலை மந்திரம்) போட்டு, கான்சன்ட்ரேஷனில் (மனம் குவித்து மந்திரத்தைத் தக்கவைப்பது) வைத்திருக்கிறார். இனிஷியேட்டிவ் (பகடையில் வந்த ஆட்ட வரிசை) ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே ரவுண்டில் வரிசையாக நடந்தவை:

விசார்ட்: "கதவு திறந்ததும் ஓகர் மேல் ஃபயர்பால்" என்று ரெடி செய்தார்.

ஃபைட்டர் (கதவிலிருந்து 15 அடி): "ஓகர் உள்ளே வந்தால் பாய்ந்து போய் இரண்டு வெட்டு" என்று ரெடி செய்தார்.

மாடத்துக் கோப்ளின்கள் இரண்டும் விசார்ட் மேல் அம்பு விட்டன. இரண்டும் பட்டன. டேமேஜ் 5, 6.

தரைக் கோப்ளின் ஃபைட்டரை விட்டு ஓடியது. ஃபைட்டர் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (எதிரி விலகிப் போகும்போது கிடைக்கும் அடி) அடித்தார்.

அடுத்து ஓகரின் டர்ன், கதவைத் திறக்கிறது.

என் கேள்விகள்: வெப் இன்னும் இருக்கிறதா? இரண்டு அம்புக்கும் சேர்த்து ஒரே கான்சன்ட்ரேஷன் சேவா (அடி பட்டும் மந்திரம் கலையாமலிருக்க உருட்டும் பகடை), தனித்தனியா? சேவ் தோற்றால் 3-ஆம் லெவல் ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் இருப்பு) திரும்பக் கிடைக்குமா? ஃபைட்டருக்கு எக்ஸ்ட்ரா அட்டாக் உண்டு, அதனால் இரண்டு வெட்டு சரிதானா? ஃபயர்பால் வெடிக்கும்போது ஓகர் எங்கே நிற்கும்?

---

மூன்றாம்ஸ்லாட் எழுதியது:

ரெடி செய்த ஸ்பெல் "அப்புறம் போடப்போகும்" ஸ்பெல் இல்லை. அது அந்த டர்னிலேயே போடப்பட்டுவிட்டது. அதன் சக்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ரியாக்‌ஷன் (அடுத்தவர் டர்னிலும் செய்யக்கூடிய செயல், ரவுண்டுக்கு ஒன்றுதான்) வரும்போது விடுகிறார், அவ்வளவுதான். இதை விட்டுவிட்டால்தான் குழப்பமெல்லாம்.

வெப்: போய்விட்டது. பிடித்து வைப்பதற்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டில் கான்சன்ட்ரேஷன் வைக்க முடியாது. ஃபயர்பாலுக்குச் சாதாரணமாகக் கான்சன்ட்ரேஷன் கிடையாது என்பது இங்கே உதவாது. ரெடி என்று சொன்ன அந்த நொடியில் வெப் கலைந்தது, மாடத்துப் படிக்கட்டு திறந்துவிட்டது. வீரர் இதைக் கவனிக்காமல் அறிவித்திருந்தால், ரெடியை ஏற்கும் முன்பே டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) "வெப் போகும், பரவாயில்லையா?" என்று கேட்டுவிடுவது நியாயம். அந்த விசார்ட்டுக்குத் தெரியாத விஷயமில்லையே அது.

கான்ட்ரிப்பும் (ஸ்லாட் செலவில்லாத சின்ன மந்திரம்) இப்படித்தான். ஃபயர் போல்ட்டை ரெடி செய்தாலும் வெப் கலையும். வெப்பைக் காப்பாற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டுமென்றால் லைட் கிராஸ்போவை ரெடி செய்யலாம். ஆயுதத் தாக்குதலைப் பிடித்து வைக்கக் கான்சன்ட்ரேஷன் தேவையில்லை.

அம்புகள்: தனித்தனியாக இரண்டு சேவ். ஒவ்வொரு டேமேஜுக்கும் ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ், டிசி (தேற வேண்டிய எண்) 10 அல்லது டேமேஜில் பாதி, எது அதிகமோ அது. 5-க்கும் 6-க்கும் பாதி 2, 3 தான், ஆகவே இரண்டுமே டிசி 10. (ஒரே அடியில் 22 டேமேஜ் வந்தால்தான் டிசி 11 ஆகும்.) சேர்த்து ஒரு சேவ் என்று வைத்தால் விசார்ட்டுக்குப் பெரிய சலுகை. கான்ஸ்டிட்யூஷன் 14, போனஸ் +2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பகடையில் 8 அல்லது மேல் விழ வேண்டும், 65 சதவீதம். இரண்டும் தேறுவதற்கு 42 சதவீதம்தான். வார் காஸ்டர் ஃபீட் (தனித்திறன்) இருந்தால் அட்வான்டேஜில் (இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுப்பது) ஒரு சேவுக்கு கிட்டத்தட்ட 88, இரண்டும் சேர்ந்து 77. ரெசிலியன்ட் எடுத்து அந்தச் சேவில் புரொஃபிஷியன்ஸி (தேர்ச்சி போனஸ்) வந்திருந்தால் +5, ஒரு சேவுக்கு 80, இரண்டுக்கும் 64. இரண்டு வில்லாளிகளின் பார்வையில் நின்றுகொண்டு ஸ்பெல்லைப் பிடித்து வைப்பது எவ்வளவு பெரிய பந்தயம் என்று இதிலேயே தெரியும்.

ஸ்லாட்: திரும்பாது. ரெடி செய்தபோதே செலவாகிவிட்டது. சேவ் தோற்றால் ஸ்பெல் பயனில்லாமல் கரையும். டிரிகரே (ரெடியில் சொன்ன நிபந்தனை) நடக்காமல் அவருடைய அடுத்த டர்ன் வந்தாலும் அதே கதி. 5-ஆம் லெவல் விசார்ட்டிடம் 3-ஆம் லெவல் ஸ்லாட் மொத்தமே 2 என்பதால் இது கனமான இழப்பு.

இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. அம்பு பட்டதும் விசார்ட் ஷீல்ட் போட்டிருந்தால்? ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 5 கூடும், அடுத்த அம்புக்கும் நிற்கும், சேவே தேவைப்படாமல் போயிருக்கலாம். ஆனால் ஷீல்ட் ரியாக்‌ஷனைத் தின்றுவிடும். ரியாக்‌ஷன் திரும்ப வருவது தன் டர்னின் தொடக்கத்தில்தான். ஃபயர்பாலை எறிய ரியாக்‌ஷன் இல்லை, அதுவும் வீண். ஸ்பெல்லைப் பிடித்து வைத்தவர் ஷீல்டையும் கவுன்டர்ஸ்பெல்லையும் (எதிராளியின் மந்திரத்தை முறிப்பது) அந்த ரவுண்டுக்கு மறந்துவிட வேண்டும்.

ஃபைட்டர்: இதில் மூன்று தவறு.

ஒன்று, ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் அடித்ததோடு அவருடைய ரியாக்‌ஷன் தீர்ந்தது. ரெடி செய்ததை இனிப் பயன்படுத்த முடியாது. கோப்ளினைப் போக விட்டிருக்கலாம், அடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு, எக்ஸ்ட்ரா அட்டாக் வேலை செய்வது தன் டர்னில் அட்டாக் ஆக்‌ஷன் எடுக்கும்போது மட்டும். ரெடி செய்த தாக்குதல் அடுத்தவர் டர்னில் நடப்பதால் ஒரே வெட்டுதான். மூன்று, டிரிகருக்குப் பதிலாக ஓர் ஆக்‌ஷன் அல்லது தன் வேகத்துக்குள் நகர்தல், இரண்டில் ஒன்றுதான். பாய்ந்து போய் வெட்டுவது கிடையாது. தன் டர்னிலேயே கதவோரம் போய் நின்றுகொண்டு, அதன் பிறகு "ஓகர் என் எட்டுக்குள் வந்தால் வெட்டு" என்று சொல்லியிருக்க வேண்டும்.

மொத்தத்தில் ஃபைட்டர் காத்திருந்ததே நஷ்டம். பக்கத்தில் நின்ற கோப்ளினுக்கு 7 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி). தன் டர்னிலேயே இரண்டு வெட்டு வெட்டியிருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

ஓகர் எங்கே நிற்கும்: ரெடியின் ரியாக்‌ஷன் டிரிகர் *முடிந்த பிறகு* நடக்கிறது. டிரிகர் "கதவு திறந்ததும்". கதவு திறந்துவிட்டது, ஓகர் இன்னும் அடி எடுத்து வைக்கவில்லை, நடைபாதையில் நிற்கிறது. ஃபயர்பால் அங்கே வெடிக்கும். சராசரி 28 டேமேஜ், ஓகருக்கு 59 ஹிட் பாயின்ட். பிழைத்துக்கொண்டு மிச்ச டர்னை நடத்தும், வேகம் 40 அடி. பிளான் போடும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

---

தாயக்கட்டை எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரிங்க. டிரிகரை எப்படிச் சொல்றதுங்கிறதுல இன்னும் கொஞ்சம் இருக்கு, அதை மட்டும் சேர்க்கிறேன், ஏன்னா இந்தக் கதவுல அதுதான் பெரிய வித்தியாசம்.

ஓகர் லார்ஜ் சைஸ். கதவு 5 அடி. 2014 விதிப்படி அது அந்த இடத்துல நெருக்கிக்கிட்டுத்தான் நுழையணும். அப்படி நெருக்கியிருக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கூடுதலா ஓர் அடி நகர்வு செலவாகும், அதோட தாக்குதலுக்கும் டெக்ஸ்டெரிட்டி சேவுக்கும் டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு பகடையில மோசமானது), அதை அடிக்கிறவங்களுக்கு அட்வான்டேஜ். ஃபயர்பாலுக்கு என்ன சேவ்? டெக்ஸ்டெரிட்டி. அப்போ "கதவு திறந்ததும்"னு சொல்றதை விட "ஓகர் கதவு நிலைக்குள்ள வந்ததும்"னு சொன்னா அதே ஸ்லாட்டுக்குக் கூடுதல் பலன். நகர்வை நடுவுல நிறுத்தி ரியாக்‌ஷன் நடக்கும், மிச்ச நகர்வு அப்புறம் தொடரும்.

தலைகீழா, "கைப்பிடி அசைஞ்சதும்"னு அவசரப்பட்டுச் சொல்லியிருந்தா என்ன ஆகும்னு பாருங்க. கதவு இன்னும் மூடித்தான் இருக்கு. பார்க்க முடியாத இடத்துல மையத்தை வெச்சு, நடுவுல தடுப்பும் இருந்தா, மையம் தடுப்புக்கு இந்தப் பக்கமே உருவாகும். அதாவது ஃபயர்பால் அறைக்குள்ள, கதவோரமா வெடிக்கும். ஆரம் 20 அடி, 15 அடியில நிற்கிற ஃபைட்டர் வெந்துடுவார், ஓகருக்கு ஒண்ணும் ஆகாது.

மையத்தை எங்க வைக்கணும்ங்கிறதையும் ரெடி சொல்லும்போதே யோசிச்சு வையுங்க. கதவுக்கு வெளியே 10 அடி தள்ளி வெச்சா நெருப்பு அறைக்குள்ள 10 அடிதான் வரும். 15 அடியில இருக்கிற ஃபைட்டர் தப்பிச்சார், நிலையில மாட்டின ஓகர் உள்ளே. நடுவுல ஓகர் நிக்குதேன்னு பயப்பட வேண்டாம், ஓர் உயிர் குறுக்கே நின்னா அது பாதி மறைப்புதான், ஸ்பெல் போற வழியை அடைக்காது. ஆனா ஃபைட்டர் கதவோரமே நின்னு வெட்டுற பிளானும் ஃபயர்பால் பிளானும் ஒண்ணா ஒத்துவராது. ஃபயர்பால் மூலை திரும்பியும் பரவும், சுவரோரம் ஒதுங்கி நின்னாலும் தப்ப முடியாது.

இன்னொண்ணு, எதிரி அடிக்கிறதைத் தடுக்க ரெடியை நம்பாதீங்க. "அவன் என் நண்பனை அடிச்சா நான் அடிப்பேன்"னு சொன்னா, அடி விழுந்து டேமேஜும் போன பிறகுதான் உங்க முறை. ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக், ஷீல்ட், கவுன்டர்ஸ்பெல் இதெல்லாம் டிரிகரை இடைமறிக்கும், அதை அந்தந்த விதியே சொல்லுது. ரெடி இடைமறிக்காது. அதனால டிரிகரை ஒரு படி முன்னாடி வைக்கணும்: "என் நண்பனுக்கு 10 அடிக்குள்ள வந்தா" மாதிரி. டிரிகர் கண்ணால பார்க்கவோ காதால கேட்கவோ உணரவோ முடிஞ்ச விஷயமா இருக்கணும். "அவனோட ஹிட் பாயின்ட் பாதிக்குக் கீழே போனா" செல்லாது, "அவன் தள்ளாடினா" செல்லும்.

டிஎம்முக்கு ஒரு வேண்டுகோள்: வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதீங்க. "உள்ளே வந்தா"ன்னு ஒருத்தர் சொன்னா, முதல் கால் உள்ளே வெச்சதுமா, முழுசா வந்ததுமான்னு அப்பவே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ஓகர் டர்ன் வந்த பிறகு கேட்டா ரெண்டு பக்கமும் தனக்குச் சாதகமாத்தான் பேசும்.

---

இருபதுமுகம் எழுதியது:

ரொம்பத் தெளிவு. விசார்ட்டை இரண்டு சேவ் உருட்டச் சொல்கிறேன், ஃபைட்டரின் ரெடி ரத்து. ஓகர் நெருக்கி நுழைய வேண்டும் என்பதை யாருமே யோசிக்கவில்லை.

தொடர்ச்சியாக நான்கு. அடுத்த டர்னில் விசார்ட் மிஸ்டி ஸ்டெப்பில் (சட்டென இடம் மாறும் மந்திரம்) மறைவுக்குப் போய், அங்கிருந்து ஒரு ஸ்பெல்லை ரெடி செய்யலாமா? ஸ்பெல்லை விடும் தருணம் வேறொருவர் டர்ன்தானே என்று வாதம். ஓகருக்குப் பின்னால் ஒரு மந்திரவாதியும் வரப்போகிறார், கவுன்டர்ஸ்பெல் வைத்திருக்கிறார். ரெடி செய்த ஸ்பெல்லை எந்த நேரத்தில் அவர் முறிக்கலாம்? ரோக்கின் ஸ்னீக் அட்டாக்கும் (கூடுதல் டேமேஜ் தரும் தந்திர அடி) வார்லாக்கின் எல்ட்ரிச் பிளாஸ்ட்டும் ரெடியில் குறையுமா? கடைசியாக, சண்டை தொடங்கும் முன்பே எல்லாரும் ரெடி என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறக்கலாமா?

---

மந்திரச்சுவடி எழுதியது:

மிஸ்டி ஸ்டெப் போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல். 2014 விதியில் போனஸ் ஆக்‌ஷனில் ஒரு ஸ்பெல் போட்டால், அதே டர்னில் ஓர் ஆக்‌ஷன் எடுக்கும் கான்ட்ரிப் தவிர வேறு ஸ்பெல் போட முடியாது. ரெடி செய்யும் ஸ்பெல் அந்த டர்னிலேயே போடப்படுவதால் வாதம் நிற்காது. மிஸ்டி ஸ்டெப்புக்குப் பிறகு ஃபயர் போல்ட்டை ரெடி செய்யலாம், ஃபயர்பாலை முடியாது. 2024 விதிகளில் இந்தத் தடை வேறு வடிவில் இருக்கிறது: ஒரு டர்னில் ஒரு ஸ்லாட் மட்டுமே செலவழித்து ஸ்பெல் போடலாம். முடிவு இங்கே ஒன்றுதான். எதிர்த்திசையில், மிஸ்டி ஸ்டெப்பையோ ஹீலிங் வேர்டையோ ரெடி செய்ய முடியாது. போட ஓர் ஆக்‌ஷன் எடுக்கும் ஸ்பெல்கள் மட்டுமே ரெடிக்கு ஆகும். விழப்போகிறவரைக் காப்பாற்றக் காத்திருக்கும் கிளெரிக் கியூர் வூண்ட்ஸைத்தான் பிடித்து வைக்க வேண்டும்.

கவுன்டர்ஸ்பெல் முறிப்பது ஸ்பெல் *போடுவதை*, விடுவதை அல்ல. ரெடி செய்யும் கணத்தில் அந்த மந்திரவாதி 60 அடிக்குள் இருந்து, போடுவதைப் பார்த்தால் மட்டுமே முறிக்கலாம். மூடிய கதவுக்குப் பின்னால் ரெடி செய்தால் அவருக்கு வாய்ப்பே இல்லை, கதவு திறந்து ஃபயர்பால் பறக்கும்போது முறிக்க எதுவும் மிச்சமில்லை. ரெடியின் மிக வலுவான பயன் இதுதான் என்பது என் கருத்து. ஸ்லாட் வீணாகும் அபாயத்தை எடுக்கத் தகுந்த இடம் இது ஒன்றுதான். முறிக்க முடிந்த நேரத்தில், 2014-இல் 3-ஆம் லெவல் வரையிலான ஸ்பெல் தானாகவே தோற்கும், அதற்கு மேல் என்றால் டிசி 10 உடன் ஸ்பெல்லின் லெவலைக் கூட்டிய சோதனை. 2024-இல் போடுபவர் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்டுகிறார், தோற்றாலும் அவருடைய ஸ்லாட் செலவாகாது. இரண்டையும் கலந்து ஆடாமல் எது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஸ்னீக் அட்டாக் குறையாது. அது ரவுண்டுக்கு ஒருமுறை அல்ல, *டர்னுக்கு* ஒருமுறை. அடுத்தவர் டர்னில் ரெடியால் அடித்தாலும் நிபந்தனை பொருந்தினால் கிடைக்கும். யாராவது ரோக்குக்கு ஹேஸ்ட் போட்டால், ஹேஸ்ட் தரும் ஆக்‌ஷனில் ஓர் அடி, சொந்த ஆக்‌ஷனில் ரெடி, ஆக ஒரு ரவுண்டில் இரண்டு ஸ்னீக் அட்டாக். விதிப்படி சரியானதே. எல்ட்ரிச் பிளாஸ்ட்டின் கதிர்கள் ஸ்பெல்லின் பகுதி, எக்ஸ்ட்ரா அட்டாக் அல்ல, அதனால் 5-ஆம் லெவலில் இரண்டு கதிரும் வரும். வார்லாக் ஹெக்ஸில் கான்சன்ட்ரேஷன் வைத்திருந்தால் ஹெக்ஸ் போகும், அதை மறக்க வேண்டாம். இரண்டு ஆயுதம் பிடித்தவருக்கு இரண்டாம் கை அடி கிடையாது, போனஸ் ஆக்‌ஷன் தன் டர்னில் மட்டுமே.

சண்டைக்கு முன் ரெடி: இல்லை. ரெடி இனிஷியேட்டிவுக்குள் இருக்கும் ஆக்‌ஷன். கதவைத் திறந்து தாக்க முடிவெடுத்தால் எல்லாரும் இனிஷியேட்டிவ் உருட்ட வேண்டும். பதுங்கியிருந்ததற்குப் பலன் வேறு வழியில் வருகிறது. 2014-இல் திடுக்கிட்ட எதிரி முதல் டர்னில் நகரவோ ஆக்‌ஷன் எடுக்கவோ முடியாது, அந்த டர்ன் முடியும்வரை ரியாக்‌ஷனும் இல்லை. 2024-இல் இனிஷியேட்டிவ் பகடையில் டிஸ்அட்வான்டேஜ் மட்டும். இரண்டு பக்கமும் "நான் முதலிலேயே ரெடி" என்று சொல்ல ஆரம்பித்தால் யாருடைய ரெடி முந்தும் என்பதற்கு விதியில் பதிலே கிடையாது, அதனால்தான் இந்தக் கதவைத் திறக்கவே கூடாது.

---

பனிக்குகை எழுதியது:

ஒரு சின்ன கேள்வி. ரெடிக்குப் பதிலாக "நான் ஓகருக்குப் பிறகு ஆடுகிறேன்" என்று டர்னைத் தள்ளிப்போட முடியாதா? பாத்ஃபைண்டரில் (இதே மாதிரி இன்னொரு விளையாட்டு) டிலே இருக்கிறதே.

---

மூன்றாம்ஸ்லாட் எழுதியது:

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் டிலே உண்டு. 5-ஆம் பதிப்பில் கிடையாது, உருட்டிய இடம்தான் சண்டை முடியும்வரை. சேர்க்க நினைத்தால் கவனம்: "அவருடைய அடுத்த டர்னின் முடிவு வரை" என்று ஓடும் விளைவுகள் நிறைய, டர்ன் இடம் மாறினால் அவை நீளும் அல்லது சுருங்கும். பாத்ஃபைண்டரின் ரெடியும் வேறு. அங்கே ரெடிக்கே இரண்டு ஆக்‌ஷன் போகும், ஓர் ஆக்‌ஷன் வேலையை மட்டுமே பிடித்து வைக்கலாம், ஆகவே இரண்டு ஆக்‌ஷன் எடுக்கும் ஃபயர்பாலை அங்கே ரெடி செய்யவே முடியாது. அந்தப் பழக்கத்தோடு இங்கே வருபவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

இருபதுமுகத்துக்கு இன்னொன்று. ஓகர் இந்த ரவுண்டில் கதவைத் திறக்காமல் வெளியே நின்றுகொண்டால், விசார்ட்டின் டர்ன் தொடங்கும்போது பிடித்து வைத்த ஃபயர்பால் போய்விடும். மறுபடி காத்திருக்க மறுபடி ரெடி, மறுபடி ஒரு ஸ்லாட். எதிரி எப்போது வருவான் என்று தெரியாத கதவுக்கு ஃபயர் போல்ட் போதும். கான்ட்ரிப்புக்கு ஸ்லாட் செலவில்லை, ரவுண்டு ரவுண்டாகப் பிடித்து நிற்கலாம். காலடிச் சத்தம் கதவுக்கே வந்துவிட்டது என்று டிஎம் சொன்ன ரவுண்டில் ஃபயர்பாலுக்கு மாறட்டும்.